தண்ணீரா, காற்றா? சத்தமில்லாத கம்ப்யூட்டருக்கு எது போதும்?

புதிய கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய ரிச்சி ஸ்ட்ரீட் போகிறவர்களிடம் கடைக்காரர்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்று கூடியிருக்கிறது. "சார், லிக்விட் கூலர் போட்டுடலாமா? சத்தமே இருக்காது." கண்ணாடி வைத்த கேபினட்டுக்குள் வண்ண விளக்கு எரிய, இரண்டு கறுப்புக் குழாய்கள் வளைந்து போவதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். விலை ஐந்தாயிரம், ஆறாயிரத்தில் தொடங்கி மேலே போகிறது. வீட்டு உபயோகத்திற்கு, அதுவும் அமைதிக்காக என்றால், அது வேண்டாம் என்பது என் கருத்து.

சத்தம் சின்ன விஷயமில்லை. மயிலாப்பூர், தி.நகர் பக்கம் பல ஃப்ளாட்களில் ஒரே ஒரு பெட்ரூம்தான். கம்ப்யூட்டர் ஹாலில் இருக்கும். இரவில் வீட்டுப் பெரியவர்கள் படுப்பதும் அதே ஹாலில்தான். பையன் பதினோரு மணிக்கு மேல் பிராஜெக்ட் முடிக்க உட்கார்ந்தால் பாட்டியின் தூக்கம் போய்விடும். ஆன்லைனில் பாட்டு, வீணை சொல்லித் தருகிறவர்களுக்கு வேறு கஷ்டம். சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு ரெகார்ட் செய்தாலும் சுருதிக்குப் பின்னால் கேபினட்டின் இரைச்சல் பதிவாகிவிடுகிறது.

பிராசசர் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் கடைசியில் வெப்பமாகத்தான் மாறுகிறது. ஏர் கூலரில் அந்த வெப்பம் அடித்தட்டிலிருந்து ஹீட் பைப் என்னும் செம்புக் குழாய்கள் வழியாக அலுமினியத் தகடுகளுக்குப் போகிறது. விசிறி அதைக் காற்றில் தள்ளிவிடுகிறது. லிக்விட் கூலரில் பிராசசரின் மேல் ஒரு தட்டு, திரவத்தைச் சுற்றவைக்க ஒரு பம்ப், குழாய்கள், ரேடியேட்டர், அதில் விசிறிகள். கவனியுங்கள், அங்கேயும் விசிறி உண்டு! தண்ணீர் வெப்பத்தை விழுங்கிவிடுவதில்லை. இங்கிருந்து அங்கே சுமந்து போகிறது, அவ்வளவுதான். ஆக, ஒரு விசிறி சுற்ற வேண்டிய இடத்தில் பெரும்பாலும் இரண்டு விசிறிகளும் ஒரு பம்பும் சுற்றுகின்றன. கம்ப்யூட்டர் ஆனில் இருக்கும்வரை அந்தப் பம்ப் நிற்பதில்லை. அதன் மெல்லிய ரீங்காரம் பகலில் கேட்காது, நடு இரவில் கேட்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஹீட் பைப்புக்குள்ளேயும் சிறிதளவு தண்ணீர் இருக்கிறது! குழாயிலிருந்து காற்றை வெளியேற்றியிருப்பதால் அது குறைந்த சூட்டிலேயே ஆவியாகி மறுமுனைக்குப் போய், குளிர்ந்து, நீராகித் திரும்புகிறது. பம்ப் இல்லை, மோட்டார் இல்லை. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் 1963-ல் உருவான நுட்பம் இது. இரண்டாயிரம் ரூபாய் ஏர் கூலரில் நமக்குக் கிடைக்கிறது.

சென்னை வெயிலுக்குத் தண்ணீர்தான் சரி என்று சிலர் சொல்வார்கள். 2003 மே 31 அன்று இங்கே 45 டிகிரி பதிவானது. அது அபூர்வம்தான். ஆனால் சாதாரண மே மாதத்திலேயே ஏ.சி. இல்லாத அறையில் 34, 35 டிகிரி இருக்கும். இந்த இரண்டு வகைக் கூலர்களில் எதுவும் பிராசசரை அறையின் வெப்பத்திற்குக் கீழே கொண்டுபோக முடியாது. பரிசோதனை முடிவுகள் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி அறையில் எடுத்தவை. அங்கே 65 காட்டிய பிராசசர் இங்கே 75-ஐத் தாண்டும். பயப்படாதீர்கள். இன்றைய பிராசசர்கள் 90, 100 டிகிரி வரை தாங்கும்படி செய்யப்பட்டவை. எல்லையைத் தொட்டால் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பு வியர்ப்பதுபோல லிக்விட் கூலரும் வியர்க்குமோ என்று அடையாறிலிருந்து ஒரு நண்பர் கேட்டார். வியர்க்காது. அறையைவிடக் குளிர்ந்தால்தானே வியர்க்கும்!

திரவக் குளிர்ச்சியே வீண் என்று நான் சொல்லவில்லை. பருவமழையைக் கணிக்க 1980களின் இறுதியில் டெல்லிக்கு வந்த கிரே எக்ஸ்-எம்.பி. சூப்பர் கம்ப்யூட்டருக்கு ஃப்ரியான் என்னும் குளிரூட்டித் திரவம் தேவைப்பட்டது. அந்த அளவு வெப்பத்தைக் காற்றால் சமாளிக்க முடியாது. இன்றும் 253 வாட் வரை இழுக்கும் கோர் ஐ9 14900கே போன்ற பிராசசரில் நாள் முழுக்க வீடியோ ரெண்டர் செய்கிறவர் பெரிய லிக்விட் கூலர் போடட்டும். ஆனால் முதல் கம்ப்யூட்டர் வாங்கும் நீங்கள் எடுக்கப்போவது ஐ5 12400 அல்லது ரைசன் 5 5600 மாதிரி 65 வாட் ரகம்தானே? இரண்டு குண்டு பல்பு அளவு வெப்பம்கூட இல்லை.

பெட்டியோடு வரும் கூலரே இவற்றைக் காப்பாற்றும். ஆனால் அது சிறியது, வேகமாகச் சுற்றினால்தான் வேலை நடக்கும், சத்தம் அங்கேதான் பிறக்கிறது. ஒரே விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் குறையும். அதனால் 120 மி.மீ. விசிறி வைத்த உயரமான டவர் கூலர் ஒன்றை வாங்கி, மெதுவாகச் சுற்ற விடுங்கள். மிச்சமாகும் மூவாயிரத்தில் எஸ்.எஸ்.டி. வாங்கினால் ஹார்ட் டிஸ்கின் 'கிர்ர்' சத்தமும் போகும். லிக்விட் கூலர் ஹார்ட் டிஸ்கையோ, எஸ்.எம்.பி.எஸ். விசிறியையோ, கிராபிக்ஸ் கார்டையோ அமைதியாக்காது. இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை.

ஆயுள் விஷயமும் உண்டு. மூடிய லிக்விட் கூலரிலும் குழாய்ச் சுவர் வழியாகத் திரவம் மெல்ல மெல்லக் குறையும். பம்ப் நின்றால் மொத்தமும் போச்சு, சில ஆண்டுகளில் முழுசாக மாற்ற வேண்டிவரும். கசிவு அபூர்வம்தான், ஆனால் கற்பனையில்லை. ஆப்பிள் நிறுவனம் 2004-ல் திரவக் குளிர்ச்சியோடு விற்ற பவர் மேக் ஜி5 கம்ப்யூட்டர்கள் சில பின்னாளில் கசிந்தன. ஏர் கூலரில் கெட்டுப்போவது விசிறி மட்டுமே. சில நூறு ரூபாயில் புதிது கிடைக்கும்.

கூலர் வாங்குமுன் உங்கள் கம்ப்யூட்டர் டேபிளைப் பாருங்கள். சி.பி.யூ. வைக்கக் கதவு போட்ட அறை ஒன்று இருக்கும். மயிலாப்பூரில் ஒரு வீட்டில் கூலரை மாற்றித் தரக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் அந்த அறையில் முன்னால் கதவு, பின்னால் பலகை. வெளியேறிய சூடான காற்றையே கேபினட் திரும்பத் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. கதவைக் கழற்றி, பின் பலகையையும் எடுத்தோம். பயாஸில் ஃபேன் செட்டிங்கை 'சைலன்ட்' என்று மாற்றினோம். செலவு ஒன்றும் இல்லை, இரைச்சல் அடங்கிவிட்டது.

மெயின் ரோட்டுப் பக்கம் ஜன்னல் உள்ளவர்கள் மூன்று மாதத்திற்கு ஒருமுறை தூசி தட்டுவது நல்லது. பவரை ஆஃப் செய்து, ஒயரை உருவிவிட்டு, விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள். ஈரத்துணி கூடாது.

டவர் கூலர்கள் பல 155, 160 மி.மீ. உயரம் இருக்கும். உங்கள் கேபினட் எவ்வளவு உயரக் கூலரை ஏற்கும் என்று அதன் அட்டைப்பெட்டியில் போட்டிருப்பார்கள். ரிச்சி ஸ்ட்ரீட் கிளம்புமுன் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கதவு மூடவில்லை என்று திரும்பப் போனால் பல கடைகளில் மாற்றித் தரமாட்டார்கள்.