400709: கூட்டினால் தெரியாதது, வகுத்தால் தெரியும்

நவி மும்பையின் கோபர்கைரனே முகவரிகளில் பெயர்களைவிட எண்களே அதிகம்: நகரத் திட்ட நிறுவனமான சிட்கோ பிரித்த செக்டர், பிளாட், கடைசியில் 400709 என்ற பின்கோடு. 1972-ல் அஞ்சல் துறை கொண்டுவந்த முறைப்படி 400 என்பது மும்பையைக் குறிக்கிறது. இது நாம் ஏற்றிவைத்த பொருள். ஓர் அரசாணையால் மாறிவிடும். எந்த ஆணையாலும் மாறாத குணமும் அந்த எண்ணுக்கு உண்டு: 61-ஐ 6569-ஆல் பெருக்கினால் வருவது அது. இரண்டும் பகா எண்கள் என்பதால் அதை இதற்குமேல் உடைக்க முடியாது. எண்ணின் குணத்தை அதன் காரணிகளில்தான் தேட வேண்டும். நாமோ வண்டி எண்ணையும் பிறந்த தேதியையும் கூட்டிப் பலன் பார்க்கிறோம். 400709-ன் இலக்கங்களைக் கூட்டினால் 20, மறுபடி கூட்டினால் 2. அந்தக் கூட்டலிலும் கணிதம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது: 9-ஆல் வகுத்தால் மீதி 2 என்று அது சொல்கிறது, அவ்வளவுதான். அதே எண்ணைக் கணினியின் இரும முறையில் எழுதிக் கூட்டினால் 9 வரும். எழுதும் முறை மாறியதும் மாறிவிடுவது எண்ணின் குணமாகாது. 61 எந்த முறையிலும் அதன் காரணியே.

காரணி தெரிந்து என்ன பயன் என்பது அடுத்த கேள்வி. எண் கோட்பாட்டுக்கு நடைமுறைப் பயன் இல்லை என்று ராமானுஜனின் ஆசான் ஹார்டியே 1940-ல் எழுதினார். பயன் பின்னர்தான் தெரிந்தது. 61-ஐயும் 6569-ஐயும் பெருக்க ஒரு நிமிடம் போதும். 400709-ஐ மட்டும் கொடுத்துக் காரணி கேட்டால், 2, 3, 5 என்று பகா எண்களால் வகுத்துக்கொண்டே போய், 18-ஆவது முயற்சியில்தான் 61 சிக்கும். செம்பூரின் 400071 இரண்டாவது முயற்சியிலேயே உடைந்துவிடும். நூற்றுக்கணக்கான இலக்கங்களுக்குப் போனால், பெருக்குவதற்கும் பிரிப்பதற்கும் உள்ள இந்த வேறுபாடே ரகசியச் செய்திகளுக்குப் பூட்டாகிறது. 1977-ல் அறிமுகமான ஆர்.எஸ்.ஏ. குறியாக்க முறை அதுதான். ஓர் எண் பகா எண்ணா என்பதை விரைவாக அறுதியிட வழியுண்டு என்று 2002-ல் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயல், நிதின் சக்சேனா நிறுவினர். ஆனால் காரணிகளை அந்த வழி காட்டாது. பூட்டு அதனால் தப்பியது.

இந்தப் பூட்டும் உடையக்கூடியதுதானே என்பார்கள். உண்மை. 1977-ல் சவாலாக விடப்பட்ட 129 இலக்க எண்ணை 1994-ல் பிரித்துவிட்டார்கள். குவாண்டம் கணினி வந்தால் இந்த வேலை எளிதாகும் என்று அதே ஆண்டில் பீட்டர் ஷோர் காட்டினார். காரணிகளை நம்பாத புதிய குறியாக்கத் தரநிலைகளை அமெரிக்காவின் தரநிலை அமைப்பான என்.ஐ.எஸ்.டி. 2024-ல் வெளியிட்டது. ஆனால் அந்தப் புதிய பூட்டுகளும் வேறொரு கணிதச் சிக்கலின் மேல் நிற்பவையே; ராசி எண்ணின் மேல் அல்ல. கோபர்கைரனேயை ஒட்டிய மகாபேயில் இத்தகைய பூட்டுகளை நம்பும் தரவு மையங்கள் எழுந்திருக்கும் காலத்தில், காரணிப்படுத்தலை ஐந்து மதிப்பெண் கணக்காக நடத்தி முடிப்பது போதாது. ஒவ்வொரு மாணவரும் தன் வீட்டுப் பின்கோடைப் பகா எண்களாகப் பிரித்து வரட்டும். ஆசிரியர்கள் அதை வீட்டுப்பாடமாகக் கொடுக்கலாம்.