மேற்கோள் கணக்கில் காணாமல் போன காணிகள்

திருச்சியில் மருந்தியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் என்னிடம் பலரும் கேட்பது: "உங்கள் எச்-இன்டெக்ஸ் எவ்வளவு?" இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த அளவுகோல் இது. ஒருவரின் பத்துக் கட்டுரைகள் தலா பத்து முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவர் மதிப்பு பத்து. வேலைக்கும் பதவி உயர்வுக்கும் ஆய்வு நிதிக்கும் இத்தகைய எண்களைத்தான் எடைபோடுகிறார்கள். அந்த எண்ணுக்குள் வர முடியாதவர் யார்?

1987இல் பி. புஷ்பாங்கதன் தலைமையிலான ஆய்வுக்குழு பொதிகை மலையின் கேரளப் பகுதியில் ஏறியது. வழிகாட்டிய காணிப் பழங்குடியினர் ஒரு சிறு பழத்தைத் தின்றுகொண்டே களைப்பின்றி நடந்தார்கள். களைத்துப்போன ஆய்வாளர்களுக்கும் கொடுத்தார்கள். முதலில் தயங்கினாலும், பிறகு மல்லன் காணியும் குட்டிமாத்தன் காணியும் அந்தச் செடியைக் காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து உருவானது.

1988இல் வெளியான ஆய்வுக்கட்டுரையின் தலைப்பிலேயே காணி மக்கள் இருக்கிறார்கள். ஆசிரியர் வரிசையில் அந்த இருவரும் இல்லை.

புஷ்பாங்கதன் குழுவைக் குறைசொல்லிவிட்டு நகர முடியாது. உரிமத் தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. 1997இல் அதற்கென அறக்கட்டளையும் அமைந்தது. பலர் செய்யாததை அவர்கள் செய்தார்கள். ஆனால், பணத்தில் பங்கு கொடுக்க முன்வந்தவர்களுக்கும் அறிவில் பங்கு கொடுக்கத் தோன்றவில்லை. சாதியச் சமூகத்தின் பழக்கம் அது. கையும் காலும் அறிந்தது 'தகவல்'. எழுத்தில் ஏறியது மட்டுமே 'அறிவு'.

"அவர்கள் கட்டுரை எழுதவில்லையே" என்பார்கள். ஒரு வரிகூட எழுதாத துறைத்தலைவரின் பெயர் கட்டுரைகளில் ஏறுவது ஆய்வுலகில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். அப்போது மட்டும் இந்த விதி எங்கே போகிறது?

நான் தங்கியிருக்கும் ஸ்ரீரங்கத்தில், கோயில் சுவரெங்கும் கொடையளித்தவர்களின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. கல் சுமந்தவர்களின் பெயர்களைத் தேடிப் பாருங்கள். ஆய்விதழ்களும் அந்தக் கல்வெட்டு மரபையே தொடர்கின்றன.

திருச்சியிலிருந்து பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் மூலிகை தேடிப் போகும் ஆய்வாளர்கள் இன்றும் உண்டு. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் பயனைப் பகிரச் சொல்கிறது; ஆசிரியர் உரிமையைப் பேசவில்லை. அதைப் பல்கலைக்கழகங்கள்தான் செய்ய வேண்டும். செடியைக் காட்டி, அதன் பயனையும் சொன்னவர் சம்மதித்தால் அவரை இணை ஆசிரியராகச் சேர்க்க வேண்டும். ஆய்வு முடிவைத் தமிழில் எழுதி அந்த ஊருக்கே கொண்டுபோய்ப் படித்துக்காட்ட வேண்டும். நேர்காணலில் எச்-இன்டெக்ஸ் கேட்பவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: "இந்தச் செடியை உங்களுக்குக் காட்டியவர் யார்? அவர் பெயர் எங்கே?"