ஆசிரியர் எங்கே?

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளிவந்துவிட்டால், பங்குப் பணியாளரைத் தேடி வரும் பெற்றோர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "சாமி, எந்தக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும்?" அங்கே கற்பிப்பவர் யார் என்று கேட்பவரோ மிகச் சிலரே.

ஒரு பாடப்பிரிவில் இத்தனை இடங்கள்தாம் என்று இருந்த உச்சவரம்பை, நன்கு செயல்படும் கல்லூரிகளுக்கு 2024-25 கல்வியாண்டு முதல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு நீக்கியது. கணினி சார்ந்த இடங்கள் பெருகின. ஆனால் ஆசிரியர்கள் பெருகினார்களா?

இருபது மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது அக்குழுவின் விதி. ஆண்டுக்கு 60 பேர் சேரும் துறையில் நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து 240 மாணவர்கள் இருப்பர். அவர்களுக்கு 12 ஆசிரியர்கள் தேவை. இடங்கள் 180 ஆனால் 36 பேர் வேண்டும். இவர்கள் எங்கிருந்து வருவார்கள்?

இதன் கசப்பான விடையை 2024 ஜூலையில் கண்டோம். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில், ஒரே ஆசிரியரின் பெயர் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளின் முழுநேரப் பட்டியலில் இருந்ததை அறப்போர் இயக்கம் வெளிக்கொணர்ந்தது. 189 பேர் ஏறக்குறைய 2,000 பணியிடங்களை நிரப்பியிருந்ததாகப் பல்கலைக்கழகமே தெரிவித்தது. பட்டியலில் ஆசிரியர் இருந்தார், வகுப்பறையில் இல்லை!

இதை ஒருசிலரின் ஏமாற்று வேலை என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. உதவிப் பேராசிரியருக்கு ஏழாவது ஊதியக் குழுவின்படி தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். ஆனால் தனியார் கல்லூரிகள் பலவற்றில் இது ஏட்டளவில்தான். அரசுக் கலைக் கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளர்களுக்கும் 2024-இல் மாத மதிப்பூதியம் 25,000 ரூபாயாகவே இருந்தது. முதுகலையும் முனைவர் பட்டமும் பெற்ற ஆசிரியர், தம் மாணவரே மென்பொருள் நிறுவனத்தில் தம்மைவிட அதிகம் பெறுவதைப் பார்க்கிறார். போதாததற்கு, கோடை விடுமுறையில் மாணவர் சேர்க்கைக்காக ஊர் ஊராக அலையும் வேலையும் அவர் தலையிலேயே விழுகிறது. திறமையுள்ளவர் இதில் எத்தனை நாள் நிலைப்பார்?

இந்நிலையில், 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. செய்முறைத் தேர்வுக்கான நிரலை இன்று மாணவர் நொடியில் பெற்றுவிடலாம். "இனி ஆசிரியர் எதற்கு?" என்று சிலர் கேட்கின்றனர். எனக்கோ, இனிதான் ஆசிரியர் தேவை என்று தோன்றுகிறது. "இந்த வரி ஏன் இங்கே வந்தது? இதை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?" என்று பக்கத்தில் அமர்ந்து கேட்டு, விழிக்கும் மாணவரைப் பொறுமையோடு மீண்டும் முதலிலிருந்து சிந்திக்க வைக்க ஒரு மனிதர் வேண்டும். ஆளுக்கு ஆள் நேரம் ஒதுக்கிச் செய்யவேண்டிய பணி இது. எண்பது பேருக்கு ஒருவராக நின்று இதைச் செய்ய இயலாது.

பெற்றோர்களே, அடுத்த முறை கல்லூரி வாசலை மிதிக்கும்போது கட்டடத்தையும் பேருந்தையும் மட்டும் பார்க்காதீர்கள். துறையில் எத்தனை ஆசிரியர்கள், எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அங்கே படிக்கும் மாணவரிடமும் விசாரியுங்கள். கல்லூரி நடத்துவோரே, அது யாருடைய நிறுவனமாயினும், ஆசிரியருக்குரிய நியாயமான ஊதியத்தை மறுத்துவிட்டுத் தரமான கல்வி தருகிறோம் என்று விளம்பரம் செய்வது முறையா?

பிள்ளையின் நான்கு ஆண்டுகளை ஒருவர் கையில் ஒப்படைக்கிறோம். அந்தக் கை உண்மையிலேயே அங்கே இருக்கிறதா?