புதன்கிழமை வந்த ஞாயிறு

நெய்வேலியில் ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டுக்கும் ஒரே நாளில் வராது. பள்ளிக்கூடம், பாங்கு, ஆபீஸ் கட்டடங்கள் எல்லாம் காலண்டர்படி நடந்தன. ஷிப்ட் பார்க்கிற வீடுகளுக்குக் கணக்கு வேறு. அனல்மின் நிலையத்துப் பாய்லரைச் சனிக்கிழமை சாயங்காலம் அணைத்துவிட்டுத் திங்கட்கிழமை காலையில் வந்து பற்றவைக்க முடியாது. சுரங்கத்தில் மண்ணைச் சுரண்டும் ராட்சத இயந்திரமும், அது வெட்டிப்போட்ட லிக்னைட் நிலக்கரியைச் சுமந்து ஓடும் கன்வேயர் பெல்ட்டும் அப்படித்தான். அதனால் ஆட்களுக்கான ஓய்வு வாரத்தின் ஏழு நாளுக்கும் பிரித்துப் போடப்பட்டிருந்தது. முதல் அனல்மின் நிலையமான ஃபர்ஸ்ட் தெர்மலில் வேலை பார்த்த எங்கள் அப்பாவுக்குப் புதன்கிழமை ‘வீக்லி ஆஃப்’. பக்கத்து வீட்டு மாமாவுக்கு வெள்ளி. எதிர்வரிசையில் கடைசி வீட்டுக்காரருக்குத் திங்கள்.

எங்கள் தெருவில் யாருக்கு என்றைக்கு ஆஃப் என்பதை மூக்கை வைத்தே சொல்லிவிடலாம். காலை ஒன்பது மணிக்கு வெங்காயம் வதங்கி, கசகசாவும் தேங்காயும் அரைபடும் வாசனை எந்த வீட்டிலிருந்து வருகிறதோ அந்த வீட்டு அப்பா அன்றைக்கு வீட்டில் இருக்கிறார் என்று அர்த்தம். தமிழ்நாடு முழுக்க ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் வரிசையில் நிற்க, நாங்கள் புதன்கிழமை மதியம் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து கறிக்குழம்பு சாப்பிட்டோம். மதிய வகுப்புக்குத் திரும்பும்போது கையை எத்தனை முறை கழுவினாலும் வாசனை போகாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் மோந்துபார்த்து, “இன்னிக்கு உங்கப்பாவுக்கு ஆஃபா?” என்பாள்.

புதன்கிழமை சாயங்காலம்தான் எங்களுக்கு மெயின் பஜார், புது செருப்பு, தம்பிக்கு முடிவெட்டு எல்லாம். சைக்கிளின் முன்கம்பியில் தம்பி, பின்னால் கேரியரில் நான். மறுநாள் பள்ளிக்கூடம் இருக்கிறதே என்று அம்மா முறைக்க முறைக்க, முதல் ஆட்டத்துக்குக் கூட்டிப்போவார் அப்பா. இடைவேளையில் காகிதக் கூம்பில் வறுத்த முந்திரி. சுற்றிலும் முந்திரிக் கொல்லையாக இருக்கிற ஊரில் முந்திரியைக் காசு கொடுத்து வாங்குவதாவது என்று அம்மா அதற்கும் ஒருதரம் முறைப்பார்.

சில புதன்கிழமைகள் வராமலே போகும். செவ்வாய் இரவு யாராவது வந்து வாசலில் சைக்கிள் மணி அடிப்பார்கள். “அண்ணே, நாளைக்கு ரிலீவர் இல்ல. ஓ.டி. பாக்க முடியுமா?” அப்பா அம்மாவைப் பார்ப்பார், அம்மா அடுப்பைப் பார்ப்பார். அப்பா சட்டையைத் தேடுவார். எங்கள் வீட்டுக்கு டி.வி. வந்தது அப்படிப் போன புதன்கிழமைகளின் ஓ.டி. காசில்தான்.

டி.வி. வந்தபிறகு காலண்டர் ஞாயிறுக்கும் கொஞ்சம் மவுசு வந்தது. 1987 ஜனவரியில் தூர்தர்ஷனில் இராமாயணம் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஹாலில் கால்வைக்க இடம் இருக்காது. ஆனால் உள்ளறையில் நைட் ஷிப்ட் முடித்துவந்த அப்பா தூங்கிக்கொண்டிருப்பார். ஆகவே, சத்தத்தைக் குறைத்து, கிட்டத்தட்ட ஊமைப்படமாகவே இராமாயணம் பார்த்தோம். வானர சேனை வாய் திறந்து முழங்கும், ஒன்றும் கேட்காது. கும்பகர்ணனை எழுப்ப முரசு அறைவார்கள், எங்கள் வீட்டில் யாரும் எழுந்துவிடக் கூடாதே என்று அம்மா கதவை இன்னும் இறுக்கிச் சாத்துவார். அப்படியே கேட்டாலும் இந்தி யாருக்குப் புரியும்? பீகாரிலிருந்து வந்து எதிர்வீட்டில் குடியிருந்த ஆன்ட்டிதான் தனக்குத் தெரிந்த தமிழில் கிசுகிசுப்பார். “அவன் போறான். இவன் அழறான். தப்பு பண்றான்.” கம்பனும் வால்மீகியும் பிறகு வந்தார்கள். எனக்கு முதலில் இராமகாதை சொன்னவர் அந்த ஆன்ட்டி.

நைட் ஷிப்ட் வீட்டுப் பிள்ளைகளுக்கென்று சில வித்தைகள் உண்டு. சத்தமில்லாமல் குக்கர் மூடியை எடுப்பது, கதவுத் தாழ்ப்பாளை விரல் வைத்து நழுவவிடுவது, கண்ணாலேயே சண்டை போடுவது. பகலில் திரை போட்ட அறையில் ஒருவர் தூங்குவதும், அவருக்காக ஒரு தெருவே குரலைத் தாழ்த்திக்கொள்வதும் எங்களுக்கு இயல்பாக இருந்தன. சென்னைக்கு வந்த புதிதில், பகலில் தூங்குகிறவனைச் சோம்பேறி என்று யாரோ சொன்னபோது எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். புழக்கடையில் லெகோ அடுப்பு. இன்றைக்கு லெகோ என்றால் பலருக்குப் பிளாஸ்டிக் பொம்மைதான் நினைவுக்கு வரும். எங்கள் லெகோ, லிக்னைட்டைப் பக்குவப்படுத்திச் சுரங்க நிறுவனமே தயாரித்த கறுப்புக் கட்டி. எரிபொருள். பிடிப்பதற்குள் விசிறி விசிறிக் கை ஓய்ந்துபோகும். ஒருமுறை பிடித்துவிட்டால் புகையில்லாமல் கணகணவென்று நின்று எரியும். அதன்மேல் அண்டாவை ஏற்றிவிட்டு, எங்களை வரிசையாக உட்காரவைத்து நல்லெண்ணெய் தேய்ப்பார் அம்மா. சீயக்காய் கண்ணில் விழுந்து கதறுவதும், பிறகு மிளகு ரசமும், பகலெல்லாம் ஒரு தூக்கக் கிறக்கமும். லெகோ செய்த ஆலையைப் பிற்பாடு மூடிவிட்டார்கள். இஸ்திரிப் பெட்டிக்காரர்களும் டீக்கடைக்காரர்களும்தான் அதற்காக உண்மையில் வருத்தப்பட்டிருப்பார்கள்.

அந்த அண்டாத் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடலூர், விருத்தாசலம் பக்கத்து உறவுக்காரர்கள் வந்தால் எங்கள் வீட்டுக் குழாயைத் திறந்து திறந்து பார்ப்பார்கள். குடம் தூக்கிய அனுபவமே இல்லாமல் வளர்ந்தவர்கள் நாங்கள். லிக்னைட் படுகைக்குக் கீழே பெரும் அழுத்தத்தோடு ஊற்றுநீர் தேங்கியிருக்கிறது. அதை இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத் தரை வெடிக்காமல் நிற்கும். அப்படி இறைத்த தண்ணீர்தான் அனல்மின் நிலையத்துக்கும் நகரியத்துக்கும் வந்தது, பிறகு சென்னைக்கும் போனது. எங்கள் தாராளத்துக்கு விலையாக நிலத்தடி நீர் மட்டம் இறங்கியதைச் சுற்றுக் கிராமத்துக் கிணறுகள் சொல்லும். அது தெரிகிற வயசு எங்களுக்கு அப்போது இல்லை.

மின்சாரமும் அப்படியே. வெளியூரில் மின்வெட்டு என்றால் சிம்னி விளக்கு, விசிறி, மொட்டைமாடி என்று கதை கதையாகச் சொல்வார்கள். எங்களிடம் அப்படிக் கதை எதுவும் இல்லை. விடிய விடிய மின்விசிறி சுற்றியது. கொடியில் காய்ந்த வெள்ளைச் சட்டையில் சில நாள் காற்று திரும்பிச் சாம்பல் படியும், அவ்வளவுதான். உதறிவிட்டு மடித்துவைப்பார் அம்மா.

பொழுதுபோக்கு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. செம்மண் தெரு, இரண்டு பக்கமும் மரம், தெருமுனையில் விளையாட இடம். பங்குனி உத்திரத்துக்கு வேலுடையான்பட்டு முருகன் கோயிலில் காவடிக் கூட்டம். தைப்பூசத்துக்கு வடலூர். வள்ளலார் 1867-இல் மூட்டிய அடுப்பு தருமச்சாலையில் இன்னும் அணையாமல் எரிவதைக் காட்டி, “நம்ம பாய்லருக்கெல்லாம் இவருதான் சீனியர்” என்பார் அப்பா. பங்குனி, சித்திரையில் முந்திரிப் பழம். உப்புத் தொட்டுத் தின்றாலும் தொண்டை கரகரக்கும், சட்டையில் பட்ட கறை சட்டை கிழிகிறவரை போகாது. மழைநாளில் ‘சோவியத் நாடு’. ஃபர்ஸ்ட் தெர்மல் சோவியத் உதவியோடு கட்டியது. அந்த உறவோ, மலிவு விலையோ, பத்திரிகை பல வீட்டுக்கு வந்தது. படித்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியாது. எங்கள் நோட்டுகள் எல்லாம் வழவழப்பான டிராக்டர் படங்களையும் கோதுமை வயல்களையும் அட்டையாகப் போட்டுக்கொண்டிருந்தன. எங்களுக்குப் பிந்திய பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள். அவர்களுக்கு 1998-இலிருந்து புத்தகக் கண்காட்சி வந்துவிட்டது.

விருந்தாளி வந்தால் மைன்ஸ் காட்டவேண்டும். அப்பா பாஸ் வாங்கிவருவார். மேட்டில் நின்று பார்த்தால் எதிர்க்கரை தெரியாத பள்ளம். அடுக்கடுக்காக மண், கீழே கறுப்பாக லிக்னைட், நடுவில் ஜெர்மன் இயந்திரத்தின் சக்கரம் வாளி வாளியாக அள்ளிச் சுற்றுவது இங்கிருந்து பார்க்க ராட்டினம் மாதிரி மெதுவாகத் தெரியும். அங்கே எல்லா அப்பாக்களும் ஒரே கதையைச் சொல்வார்கள். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது, 1956-இல் நிறுவனம் பிறந்தது, மறுவருஷம் மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார், 1962-இல் மின்சாரம் வந்தது. விருந்தாளிகள் வாய்பிளப்பார்கள். எங்கள் அப்பாவே தோண்டியதுபோல நானும் தம்பியும் நெஞ்சு நிமிர்த்தி நிற்போம்.

பலாப்பழக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் தெருவுக்கு ஒரு ஆயா வரும். கூடையில் சுளை, மேலே வாழையிலை மூடி. பேரம் படிந்ததும் எங்கள் வாசல்படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக் குடிக்கும். ஒருநாள் அம்மா எந்த ஊர் என்று கேட்டார். ஆயா புறங்கையால் மைன்ஸ் பக்கம் காட்டியது.

“அந்தாண்ட.”

“அந்தாண்ட எங்க?”

“அந்தாண்டதாம்மா. இப்ப ஊரு இல்ல. மைன்ஸுக்குள்ள போயிருச்சு. எங்க கொல்லையில நின்ன பலாவுல காச்சா, ஒத்தையாளு தூக்க முடியாது.” பிறகு எங்கள் முருங்கை மரத்தைப் பார்த்து, “இதுக்கு எருவு போடு” என்று சொல்லிவிட்டு எழுந்துபோனது.

ஆயா அழவில்லை, யாரையும் திட்டவும் இல்லை. விருந்தாளிகளுக்கு நாங்கள் காட்டிய அந்தப் பள்ளத்தில் ஒரு வீட்டு வாசலும் கொல்லையும் இருந்தன என்பது அப்போது எனக்கு ஒரு செய்தி, அவ்வளவுதான். பலவருஷம் கழித்து, சுரங்கத்துக்கு நிலம் இழந்தவர்களைச் சொல்லும் கண்மணி குணசேகரனின் ‘வந்தாரங்குடி’ நாவலைப் படித்தபோது ஆயாவின் புறங்கை நினைவுக்கு வந்தது. 2023 ஜூலையில் வளையமாதேவியில், சுரங்கத்துக்காக நெற்பயிர் நின்ற வயலுக்குள் இயந்திரங்கள் இறங்கிக் கால்வாய் வெட்டியதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது மறுபடி. என் சிறுவயது சுகமாக இருந்தது. அதற்கு நான் வெட்கப்படத் தயாரில்லை. அப்பா நேர்மையாக உழைத்துக் கொடுத்தது அது. ஆனால் அந்தக் குழாய்த் தண்ணீரையும் அணையாத விளக்கையும் எழுதுகிறவர்கள், கூடையோடு வந்த ஆயாவை விட்டுவிட்டு எழுதினால் பாதி ஊரைத்தான் எழுதுகிறார்கள். நகரியத்தைப் பற்றிய உருக்கமான நினைவுகள் பலவற்றை வாசிக்கும்போது எனக்கு இந்தக் குறை உண்டு.

நகரியத்துக்குள்ளும் எல்லாம் சமம் என்று சொல்லமாட்டேன். குடியிருப்பு வட்டத்தின் எண்ணைச் சொன்னாலே எந்த டைப் குவார்ட்டர்ஸ், அப்பா என்ன கிரேடு என்று பிள்ளைகள் கணக்குப் போட்டுவிடுவோம். அதிகாரிகள் வீட்டுப் பிறந்தநாளுக்கு எந்தச் சட்டை போடுவது என்று அம்மா முந்தினநாளே கவலைப்படுவார். காண்ட்ராக்ட் தொழிலாளியின் பிள்ளை எங்களோடு விளையாடுவான், சாயங்காலம் நகரியத்துக்கு வெளியே போய்விடுவான். எங்கே என்று யாரும் கேட்டதில்லை.

நெய்வேலிப் பிள்ளைகளுக்கு இன்னொரு விசித்திரமும் உண்டு. பிறந்து வளர்ந்த வீடு எங்களுடையது அல்ல. ஓய்வு பெற்றதும் சாவியை ஒப்படைத்துவிட வேண்டும். அப்பா ஓய்வு பெற்றபோது முருங்கை மரத்தையும், புழக்கடைச் சுவரில் எங்கள் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகளையும், துளசி மாடத்தையும் விட்டுவிட்டு வடலூரில் கட்டிய வீட்டுக்குப் போனோம். அப்புறம் அந்த வீட்டைக் கடந்து போகும்போதெல்லாம் வேறு யாரோ ஒரு பிள்ளையின் சைக்கிள் வாசலில் நிற்கும். அந்த வீட்டில் யாருக்கு என்றைக்கு ஆஃபோ!

அப்பா வேலைபார்த்த ஃபர்ஸ்ட் தெர்மலை 2020-இல் நிறுத்திவிட்டார்கள். செய்தியைப் படித்துவிட்டு அப்பா பேப்பரை மடித்து வைத்தார். “வயசாயிருச்சு அதுக்கு” என்றார். மேற்கொண்டு பேசவில்லை, மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

இப்போது எனக்குச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் விடுமுறை. மால், ஆன்லைனில் பிரியாணி, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு திரை. குறையொன்றும் இல்லை, அவர்களுக்கும் நினைவில் நிற்க ஏதாவது இருக்கும். அப்பா மட்டும் இன்னும் இதற்குப் பழகவில்லை. போனவாரம் போன் செய்தார்.

“பாப்பா, எப்ப வர? உனக்கு ஆஃப் என்னிக்கு?”

“சனி, ஞாயிறுதாம்பா. எப்பவும் அதேதான்.”

“ஒனக்கு மட்டுமா, எல்லாருக்குமா?”

“எல்லாருக்கும்.”

“எல்லாரும் ஒரே நாள்ல ஆஃப் எடுத்துட்டா, அங்க யாரும்மா இருப்பா?”