சிதைந்ததா, சிதைத்தனரா? அலெக்சாண்டருக்குப் பிந்தைய வரலாற்றை எழுதும் முறை குறித்து

அலெக்சாண்டர் கி.மு. 323இல் பாபிலோனில் இறந்தார். அவர் இறந்ததும் அவரது பேரரசு சிதைந்தது. உலக வரலாறு கூறும் தமிழ் நூல்களில் இக்கருத்து சிறுசிறு சொல்மாற்றங்களுடன் தொடர்ந்து இடம்பெற்று வருகிறது. இதன் முற்பகுதி உண்மை. பிற்பகுதியோ உண்மைக்குப் புறம்பானது. அத்துடன் செய்தவரை மறைத்துவிடுவதுமாகும் என்பதே இக்கட்டுரையின் வாதம். 'சிதைந்தது' என்பது தன்வினை. மண்சுவர் மழையில் கரைவது போலப் பேரரசும் தானே கரைந்தது என்னும் பொருளை அது தந்துவிடுகிறது. சான்றுகள் வேண்டி நிற்பதோ 'சிதைத்தனர்' என்னும் பிறவினையை.

மன்னர் இறந்தபோது அரியணை வெறுமையாகிவிடவில்லை. வேறொரு தாய்க்குப் பிறந்த சகோதரர் அரிதேயஸ், பிலிப் என்னும் பெயரில் அரசராக்கப்பட்டார். ரொக்சானாவுக்குப் பிறந்த மகனும் நான்காம் அலெக்சாண்டராக ஏற்கப்பட்டான். பிலிப்பைக் கி.மு. 317இல் கொல்வித்தவர் அலெக்சாண்டரின் தாய் ஒலிம்பியாஸ். சிறுவனைக் காவலில் வைத்திருந்து, கி.மு. 310ஐ ஒட்டிக் கொல்வித்தவர் கசாண்டர். ஆட்சிப் பொறுப்பேற்றிருந்த பெர்டிக்காஸ் எகிப்தின் மீது படையெடுத்தபோது தம் அதிகாரிகளாலேயே கொல்லப்பட்டார். இவற்றுள் எது தானே நிகழ்ந்தது?

ஈண்டு ஒரு சான்று சிறப்பாக நோக்கத்தக்கது. பாபிலோனிய எழுத்தர்கள் களிமண் ஏடுகளில் ஆவணங்களை எழுதும்போது அரசரின் ஆட்சியாண்டைக் கொண்டே நாளிட்டனர். நான்காம் அலெக்சாண்டர் கொல்லப்பட்ட பின்னரும் சில ஆண்டுகள் அவன் பெயராலேயே ஆண்டு எண்ணப்பட்டது. எகிப்திலும் அவ்வாறே. உயிரோடிருந்த சிறுவன் தளபதிகளுக்கு இடையூறாக இருந்தான். இறந்த சிறுவனின் பெயர் அவர்களுக்குத் தேவைப்பட்டது. அவர்கள் தம்மை அரசர் என வெளிப்படையாக அறிவித்துக்கொள்ளத் தொடங்கியது கி.மு. 306இல்தான். அலெக்சாண்டர் இறந்து 17 ஆண்டுகள் கழிந்திருந்தன. அத்தனை ஆண்டுகளின் சூழ்ச்சியையும் போரையும் 'இறந்ததும்' என்னும் ஒரு சொல்லுக்குள் அடைப்பதை வரலாறு என எவ்வாறு ஏற்பது?

தக்க வாரிசு இல்லாமையே காரணம் என்பாரும் உளர். ஆசியாவுக்குப் புறப்படுமுன் மணம் புரிந்து மகவு பெறுமாறு ஆண்டிபேட்டரும் பார்மீனியனும் கூறிய அறிவுரையை அலெக்சாண்டர் ஏற்கவில்லை என்று டயோடோரஸ் எழுதுகிறார். இக்குறையை மறுப்பதற்கில்லை. ஆயின் அவர் வென்ற பாரசீகப் பேரரசின் முன்வரலாற்றையும் நோக்குதல் வேண்டும். அதனை நிறுவிய சைரஸ் கி.மு. 530இல் இறந்தார். அவர் மகன் காம்பைசஸ் கி.மு. 522இல் மகப்பேறின்றி இறந்தபோது மாகாணந்தோறும் கலகம் மூண்டது. பெகிஸ்துன் பாறைக் கல்வெட்டு அதனை விரிவாகப் பேசுகிறது. டேரியஸ் கலகங்களை ஒடுக்கினார். பேரரசு அதன்பின் ஏறத்தாழ 190 ஆண்டுகள் நிலைத்தது. வாரிசின்மை நெருக்கடியை உண்டாக்கும் என்பது வரைதான் இதிலிருந்து பெறப்படும். 'வலியவருக்கே நாடு' என அலெக்சாண்டர் இறுதியாகக் கூறினார் என்னும் செய்தியும் சில நூற்றாண்டுகளுக்குப் பின் எழுதப்பட்ட நூல்களிலேயே நமக்குக் கிடைக்கிறது. அது வென்றவர்களுக்கு எத்துணை வசதியான செய்தி!

ஆட்சிமுறையும் அழியவில்லை. எகிப்தில் தாலமி மரபு கி.மு. 30 வரை ஆண்டது. பாபிலோனை மீட்ட செலூக்கஸ் கி.மு. 281இல் கொலையுண்டபோது, அவர் மகன் ஆண்டியோக்கஸ் ஆண்டெண்ணிக்கையை ஒன்றிலிருந்து தொடங்கவில்லை. தந்தையின் எண்ணிக்கையையே தொடர்ந்தார். அரசர் மாறினும் ஆண்டு அறுபடாத அம்முறை பல நூற்றாண்டுகள் வழங்கியது.

சிதைத்தவர் மறையும்போது சிதைவுற்ற மக்களும் உடன் மறைகின்றனர். ஆண்டிகோனஸும் செலூக்கஸும் பாபிலோனியாவில் பொருதபோது நாட்டில் எழுந்த அழுகையை அந்நாட்டு நிகழ்ச்சிக் குறிப்பு ஏடு பதிவுசெய்துள்ளது. அக்காலத்து வாற்கோதுமையின் விலையேற்றத்தை வானியல் குறிப்பேடுகள் காட்டுகின்றன. நம் நூல்களில் இவற்றுக்கு ஒரு வரியும் இல்லை.

நம் நூல்களின் முரண் இந்தியப் பகுதியில் வெளிப்படையாகிறது. மௌரியர் இயலில் சந்திரகுப்தர் சிந்துவுக்கு மேற்கேயுள்ள நிலங்களைப் 'பெற்றார்' என்றும், செலூக்கஸ் 500 யானைகளைப் பெற்றுக்கொண்டு அவற்றை 'அளித்தார்' என்றும் எழுதுகிறோம். அங்கே வினைமுதல் உண்டு, பேரம் உண்டு. கிரேக்கர் இயலிலோ அதே நிலங்கள் 'சிதைந்த' பேரரசின் துண்டுகளாகிவிடுகின்றன. அந்த யானைப்படை கி.மு. 301இல் இப்சஸ் போர்க்களத்தில் நின்றது. பகைவரைத் துரத்திச் சென்ற தெமெத்ரியஸின் குதிரைப்படை, தந்தை ஆண்டிகோனஸின் உதவிக்குத் திரும்பிவர இயலாதவாறு அது வழிமறித்தது. எண்பது வயதைக் கடந்திருந்த ஆண்டிகோனஸ் அங்கேயே கொல்லப்பட்டார். அவர் ஆண்ட நிலத்தை வென்றவர்கள் தமக்குள் பங்கிட்டுக்கொண்டனர். இந்நிகழ்ச்சியைத் தன்வினையில் எழுதிக் காட்ட வல்லார் எவரேனும் உளரா?