விளையாட்டு நேரம் எங்கே போகிறது?

"அங்கன்வாடிக்கு அனுப்பினால் விளையாடிவிட்டுத்தான் வருகிறான், ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை" என்பது பெற்றோர் பலரின் குறை. தமிழக அங்கன்வாடிகளின் முன்பருவக் கல்விப் பாடத்திட்டத்தின் பெயரே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா'தான். முருங்கைக்காயை நீளம், குட்டை என்று அடுக்கும் குழந்தை கணக்குக்குத் தயாராகிறது. மணலை அள்ளிக் கொட்டும் விரல்கள்தான் பின்னர் பென்சில் பிடிக்கும். கடை வைத்து விளையாடும்போது பேச்சு வளர்கிறது, தன் முறைக்குக் காத்திருக்கவும் பழகுகிறது.

வருசநாடு பகுதியில் இலவம், கொட்டைமுந்திரித் தோப்புகளுக்கு வேலைக்குப் போகும் குடும்பங்களின் பிள்ளைகளோடு பகலில் உட்கார்ந்து பேச வேறு யார் இருக்கிறார்கள்?

சிக்கல் பாடத்திட்டத்தில் இல்லை. ஒரு மையத்துக்கு ஒரு பணியாளர், ஓர் உதவியாளர். உதவியாளருக்குச் சமையல் வேலையே சரியாக இருக்கும். பணியாளருக்கோ எடை, உயரம் பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, கர்ப்பிணிகளின் வீடுகளுக்குச் செல்வது, 2021 முதல் 'போஷன் டிராக்கர்' செயலியில் பதிவு வேறு. குழந்தையின் எடை குறைந்தால் செயலி காட்டிவிடும். விளையாட்டு நேரம் குறைந்தால்?

2023 மே மாதம் ஒன்றிய அரசு தொடங்கிய 'போஷன் பீ, படாயீ பீ' (ஊட்டச்சத்தும் கல்வியும்) பணியாளர்களுக்கான பயிற்சித் திட்டம். பயிற்சி அவசியம்தான். ஆனால் பயிற்சி பெற்றவரின் கையில் அதே செல்போனும் பதிவேடும்தான் இருக்கின்றன. கிராம சபையில் பெற்றோர் கேட்க வேண்டியது சிலேட்டை அல்ல, மையத்துக்கு இன்னோர் ஆளை.