பிரேக் திரவமும் நாட்காட்டியும்

அரசாங்க அலுவலகங்களில் உள்ள ஒவ்வொரு மோட்டார் வண்டிக்கும் ஒரு லாக் புத்தகம் உண்டு. வண்டி புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், ஓடிய கிலோமீட்டர், ஊற்றிய டீசலின் அளவு ஆகியவை அதில் நாள்தோறும் பதிவாகின்றன. எஞ்சின் எண்ணெயை மாற்ற வேண்டிய தருணத்தையும் அந்தக் கிலோமீட்டர்க் கணக்கே நினைவூட்டுகிறது. ஆனால், 'இவ்வண்டியின் பிரேக் திரவம் கடைசியாக எந்த மாதத்தில் மாற்றப்பட்டது?' என்று கேட்டால், பல வேளைகளில் அப்புத்தகத்தில் விடை அகப்படுவதில்லை. வண்டியை ஓடச் செய்யும் பொருள்களுக்குக் கணக்கு இருக்கிறது. அதனை நிற்கச் செய்யும் பொருளுக்குக் கணக்கு இல்லை. இக்குறையை நீக்க வேண்டும் என்பதும், அதற்கு ஏற்ற அளவுகோல் கிலோமீட்டர் அன்று, நாட்காட்டியே என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

முதலில், இத்திரவம் செய்யும் வேலையைச் சற்று நினைவுகூர்வோம். மூடிய கலத்திலுள்ள ஒரு திரவத்தின்மீது ஓரிடத்தில் கொடுக்கப்படும் அழுத்தம் குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும் என்பது பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்ட விதி. இதனை விளக்கும் அவருடைய நூல், அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1663-இல் வெளிவந்தது. நான்கு சக்கரங்களிலும் திரவ பிரேக் அமைந்த கார் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது 1921-ஆம் ஆண்டில். ஓட்டுநர் பிரேக் மிதியை அழுத்தும்போது மாஸ்டர் சிலிண்டரில் எழும் அழுத்தம், மெல்லிய குழாய்களில் நிறைந்துள்ள திரவத்தின் வழியே சென்று, சக்கரங்களிலுள்ள சிறு பிஸ்டன்களைத் தள்ளுகிறது. திரவம் எளிதில் சுருங்காது என்ற ஒரே குணத்தை நம்பித்தான் இந்த ஏற்பாடு முழுவதும் நிற்கிறது.

இத்திரவத்தைப் 'பிரேக் ஆயில்' என்று அழைப்பது நம் நாட்டுப் பட்டறைகளில் வழக்கமாகிவிட்டது. பெயர் பழகியதேயன்றிப் பொருத்தமானது அன்று. சாதாரணக் கார்களிலும் ஜீப்புகளிலும் ஊற்றப்படுவது எண்ணெய் அன்று. கிளைக்கால் ஈதர் என்னும் வகையைச் சேர்ந்த இரசாயனப் பொருள்களின் கலவையாகும். எண்ணெய் நீரோடு கலவாது. இதுவோ நீரை விரும்பி ஏற்கும். மழைக்காலத்தில் திறந்து வைத்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசிவதுபோல, இத்திரவமும் காற்றின் ஈரத்தை ஈர்த்துத் தன்னுள் கரைத்துக்கொள்கிறது. திரவம் அடைபட்ட குழாய்களுக்குள் அல்லவா இருக்கிறது, அங்கே ஈரம் எப்படிப் புகும் என்று கேட்கலாம். திரவத் தொட்டியின் மூடியில் காற்று புகுவதற்கான நுண்ணிய வழி உண்டு. சக்கரங்களுக்குச் செல்லும் ரப்பர்க் குழாய்களின் சுவர் வழியாகவும் ஈரம் மெல்ல மெல்ல ஊடுருவுகிறது.

ஈரத்தை ஈர்க்கும் பொருளை ஏன் பயன்படுத்த வேண்டும் என்று மாணவர் ஒருவர் வினவினால், அது நல்ல வினாவே. உட்புகும் நீர் திரவத்தோடு கலவாமல் தனித்து நின்றால், கனமான துளிகளாக மிகத் தாழ்ந்த இடத்தில் சென்று தங்கும். சக்கரத்தின் அருகேயுள்ள சிலிண்டரே அவ்விடம். உஷ்ணம் மிகுதியாக உள்ள இடமும் அதுவே. நீர் கரைந்து பரவி நிற்பது அதனினும் மேலானது. ஆயினும், கரைந்த நீர் தீங்கற்றது என்று இதற்குப் பொருளன்று. அதன் தீங்கு எவ்வளவு என்பதைக் கொதிநிலை அளவுகள் காட்டும்.

டாட் 3 என்னும் தரத்துப் புதிய திரவம் 205 பாகை செல்சியஸுக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது விதி. அதிலேயே 3.7 சதவீதம் நீர் கலந்தபின் தேவைப்படும் குறைந்தபட்சக் கொதிநிலை 140 பாகை மட்டுமே. டாட் 4 தரத்திற்கு இவ்வளவுகள் முறையே 230, 155, டாட் 5.1 தரத்திற்கு 260, 180. நூற்றில் நான்கு பங்கு கூட இல்லாத நீர், கொதிநிலையை 65 பாகைக்கும் மேலாகத் தாழ்த்திவிடக் கூடும் என்பது இவ்வளவுகளால் விளங்கும். இம்மாறுதல், வண்டி ஓடினாலும் கொட்டகையில் நின்றாலும், நாள்தோறும் நிகழ்ந்துகொண்டே இருக்கிறது. கேரளம், கொங்கணம் போன்ற ஈரம் மிகுந்த கடற்கரைப் பகுதிகளில் இது விரைவாகவும், இராஜஸ்தானம் போன்ற வறண்ட பகுதிகளில் மெதுவாகவும் நடைபெறும் என்று எதிர்பார்க்கலாம்.

சமவெளியில் அலுவலகத்திற்கும் வீட்டிற்கும் இடையே ஓடும் வண்டியில் இத்தாழ்வு வெளியே தெரியாது. மலைச்சாலையில்தான் அதன் சோதனை. டார்ஜீலிங்கிலிருந்து சிலிகுரிக்கு இறங்கும் ஒரு வண்டி ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரத்தை இழக்கிறது. வண்டியும் அதிலுள்ள ஆட்களும் சேர்ந்து 2,000 கிலோகிராம் எடை என்று கொள்வோம். இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் சுமார் 3.7 கோடி ஜூல். 30 பாகையிலுள்ள ஒரு லிட்டர் நீரை 100 பாகைக்குக் கொண்டுவரச் சுமார் 2.93 லட்சம் ஜூல் போதும். ஆகவே, அந்த ஆற்றல் ஏறக்குறைய 125 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. இதில் ஒரு பகுதியை எஞ்சினும் காற்றின் தடையும் ஏற்றுக்கொள்ளும். ஓட்டுநர் தாழ்ந்த கியரில் இறங்காமல் பிரேக்கையே நம்புவாராயின், பெரும்பகுதி சக்கரங்களிலுள்ள சில கிலோகிராம் இரும்பின்மேல் விழும். அந்த உஷ்ணம் அருகிலுள்ள சிலிண்டரையும் அதனுள் இருக்கும் திரவத்தையும் எட்டுகிறது.

திரவம் ஓரிடத்தில் கொதித்தால் அங்கே ஆவிக்குமிழ்கள் தோன்றும். திரவம் சுருங்காது, ஆவியோ எளிதில் சுருங்கும். ஓட்டுநர் மிதியை அழுத்தும்போது அவருடைய கால்வலிமை குமிழ்களைச் சுருக்குவதிலேயே செலவாகிறது. மிதி தரைவரை செல்லும், சக்கரமோ நிற்காது. இதில் மிகவும் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. வண்டி சிறிது நேரம் நின்று குளிர்ந்தால் ஆவி மீண்டும் திரவமாகிவிடும். மிதி முன்போல் உறுதியாகிவிடும். மறுநாள் பட்டறையில் சோதிப்பவருக்குக் குற்றம் எதுவும் தென்படாமற் போகலாம். தடயம் வைக்காத குறையைச் சோதனையால் பிடிக்க இயலாது. முன்கூட்டியே தடுப்பதுதான் வழி.

உஷ்ணம் ஒன்றே ஆபத்து என்று எண்ணுவதற்கில்லை. திரவத்தில் அரிமானத்தைத் தடுக்கும் பொருள்களும் சேர்க்கப்பட்டுள்ளன. நாளடைவில் அவை வலுவிழக்கின்றன. நீரின் அளவோ கூடுகிறது. அதன் பயனாகச் சிலிண்டர்களின் உட்சுவர் துருப்பிடிக்கிறது, பிஸ்டன்கள் இறுகுகின்றன, ரப்பர் வளையங்கள் தேய்கின்றன. சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு இன்றைய வண்டிகளில் பரவலாக இருக்கிறது. அதன் நுண்ணிய வால்வுகளும் இதே திரவத்தில்தான் மூழ்கியுள்ளன. உரிய காலத்தில் மாற்றும் திரவத்தின் விலை, பழுதான ஏ.பி.எஸ். பகுதியின் விலையோடு ஒப்பிடுவதற்கே தகாத சிறு தொகையாகும்.

இனி, இக்கருத்துக்கு எதிராகச் சொல்லப்படும் சில வாதங்களை நோக்குவோம். 'எங்கள் வண்டி ஆண்டுக்கு மூவாயிரம் கிலோமீட்டர்கூட ஓடுவதில்லை. அதற்கு எதற்காக மாற்ற வேண்டும்?' என்பது முதல் வாதம். குறைவாக ஓடும் வண்டிக்கே இவ்வெச்சரிக்கை மிகவும் தேவை. அதிகம் ஓடும் வண்டி அடிக்கடி பட்டறைக்குச் செல்கிறது. மேஸ்திரியின் கண் அதன்மேல் படுகிறது. கள ஆய்வுக்காக ஆண்டில் இருமுறை மட்டும் மலைக்குச் செல்லும் ஜீப், ஐந்தாண்டுத் திரவத்தோடு அந்தக் கடினமான சோதனைக்குப் புறப்படுகிறது.

'திரவம் தெளிவாகத்தான் இருக்கிறது' என்பது இரண்டாவது வாதம். கரைந்த நீர் கண்ணுக்குத் தெரியாது. நிறம் கறுத்திருந்தால் மாற்றுவது நன்று. தெளிவாக இருப்பதனாலேயே அது நல்லதென்று முடிவு செய்வது தவறு. 'குறையும்போதெல்லாம் ஊற்றி நிரப்புகிறோம்' என்பது மூன்றாவது. தொட்டியில் ஊற்றிய புதிய திரவம் சக்கரத்தருகே உள்ள பழைய திரவத்தைப் புதுப்பிப்பதில்லை. மேலும், மட்டம் தாழ்வது ஓர் அறிவிப்பு. பிரேக் பட்டைகள் தேய்ந்திருக்கலாம், அல்லது எங்கேனும் கசிவு இருக்கலாம். காரணத்தைக் காணாமல் நிரப்புவது அந்த அறிவிப்பை அழிப்பதற்கு ஒப்பாகும்.

பின் எப்போது மாற்றுவது? வண்டியோடு தரப்படும் கையேட்டில் கூறியுள்ள காலமே முதற் பிரமாணம். பல தயாரிப்பாளர்கள் இரண்டு ஆண்டு என்றும், சிலர் மூன்று ஆண்டு என்றும் விதிக்கின்றனர். ஈரம் மிகுந்த பகுதியிலும் மலைப்பகுதியிலும் பணிபுரியும் வண்டிகளுக்கு இரண்டு ஆண்டுக்கு மேற்படாமல் மாற்றுவது விவேகம். கொதிநிலையை அளக்கும் கருவி பட்டறையில் இருந்தால் இடையிலும் சோதிக்கலாம். டிஸ்க் பிரேக் உள்ள மோட்டார் சைக்கிள்களுக்கும் பெரும்பாலும் இதே வகைத் திரவமே. ஆகவே இதே விதி. காற்றழுத்த பிரேக் உள்ள கனரக லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் இது பொருந்தாது. ஆனால் அவற்றுள் சிலவற்றின் கிளட்ச் அமைப்பில் இத்திரவம் உண்டு.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை சில. கையேட்டில் குறித்த தரத்தையே வாங்க வேண்டும். டாட் 5 என்பதும் டாட் 5.1 என்பதும் ஒன்றல்ல. முன்னது சிலிக்கோன் வகை. மற்றவற்றோடு கலக்கக் கூடாது. முத்திரை உடைக்காத டப்பாவையே பயன்படுத்த வேண்டும். அலமாரியில் பல மாதம் திறந்து கிடந்த மீதித் திரவம் ஏற்கெனவே ஈரம் குடித்ததாகும். வெளியேற்றிய பழைய திரவத்தை மீண்டும் ஊற்றலாகாது. எஞ்சின் எண்ணெயோ, வேறு தாது எண்ணெயோ ஒரு துளியும் சேரக் கூடாது. ரப்பர் வளையங்கள் ஊதிப் பழுதாகிவிடும். 'ஆயில்' என்ற பெயர் விளைக்கக்கூடிய தீங்கு இதுவே. இத்திரவம் நஞ்சு, வண்ணப் பூச்சையும் அரிக்கும், சிந்தினால் உடனே நீரால் கழுவ வேண்டும். நான்கு சக்கரங்களிலும் காற்று முழுவதும் நீங்கி, மிதி உறுதியாக நிற்பதைக் கண்ட பின்னரே வண்டியை அசைக்க வேண்டும்.

புதிய திரவம் ஊற்றியதனால் மலைச்சாலையில் அலட்சியம் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். ஏறுவதற்கு எந்த கியர் தேவைப்பட்டதோ, இறங்குவதற்கும் அதே கியர் என்ற பழைய விதி என்றும் செல்லும். மிதி மென்மையாவதாக உணர்ந்தால் உடனே தாழ்ந்த கியருக்கு மாறி, பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தி, பிரேக்குகள் நன்கு ஆறும்வரை காத்திருக்க வேண்டும். அதன்பின் மிதி உறுதியாகிவிட்டதென்று அதனை மறந்துவிடாமல், பட்டறையில் சொல்லித் திரவத்தை மாற்றச் செய்ய வேண்டும்.

ஆசிரியர்களுக்கும் இப்பொருள் ஒரு நல்ல பாடம். ஊசியில்லாத இரு சிரிஞ்சுகளை, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக, மெல்லிய பிளாஸ்டிக் குழாயால் இணைத்து நீர் நிரப்பினால் பாஸ்கல் விதியைக் கையாலேயே உணரலாம். பின்னர் குழாயில் சிறிது காற்றை விட்டு அழுத்தச் சொன்னால், கை தளர்வதை மாணவரே அறிவர். ஆவிக்குமிழ் பிரேக்கில் செய்யும் கேடு இதுதான் என்று அப்போது கூறினால் அவர்கள் மறக்கமாட்டார்கள். பிரேக் திரவத்தையே வகுப்பறையில் சூடாக்கிக் காட்டுதல் மட்டும் கூடாது; அது தீப்பற்றக்கூடியது, அதன் ஆவியும் தீங்கானது.

கள ஊழியர்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் எளியது. லாக் புத்தகத்தின் முதற்பக்கத்தில் 'பிரேக் திரவம் மாற்றிய நாள், தரம், அடுத்து மாற்ற வேண்டிய நாள்' என மூன்று கட்டங்களை வரைந்துகொள்ள வேண்டும். மாற்றிய நாள் தெரியாத வண்டிக்கு அந்தக் கட்டத்தை ஊகத்தால் நிரப்பாமல், திரவத்தை மாற்றியே நிரப்ப வேண்டும். இதற்குப் புதிய ஆணையோ புதிய நிதி ஒதுக்கீடோ வேண்டுவதில்லை. ஒரு பேனாவும் அரைநாள் பட்டறை வேலையும் போதும். கிராமங்களுக்கும் மலைகளுக்கும் சேவை செய்யச் செல்வோர் பத்திரமாகத் திரும்பி வருவதும் அச்சேவையில் அடங்கியதே. அடுத்த சுற்றுப்பயணத்துக்கு வண்டி புறப்படும்முன் அம்மூன்று கட்டங்களும் நிரம்பியிருக்கட்டும்.